பழைய டீசல் வாகனமும் அரச உதவியும்: பாதியில் நிறுத்தப்பட்ட மருந்து



நீரிழிவு, கொலஸ்ரரோல், உயர் இரத்த அழுத்தம் என்று எழுதி வந்த இந்த மருத்துவப் பக்கத்தில் இம்முறை பழைய டீசல் வாகனங்களைப் பற்றி எழுதுகிறேன். வைத்தியருக்கும் வாகனத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. குளிர்காலம் தொடங்கியதும் இருமலும் இழுப்புமாக என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பெருந்தெருக்களின் ஓரத்தில், கடைகளுக்கு மேலுள்ள வீடுகளில் வசிப்பவர்கள். அவர்களது தந்தையரில் பலர் அதே வீதிகளில் வான் ஓட்டிப் பிழைப்பவர்கள். புகையை விடுபவரும் அதைச் சுவாசிப்பவரும் எமது சமூகத்தில் பல இடங்களில் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் பழைய டீசல் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தது சரி. அவற்றை மாற்றுவதற்குப் பண உதவி கொடுத்ததும் சரி. ஆனால், கட்டணத்தைத் தொடர்ந்து அறவிட்டுக்கொண்டு, உதவியை மட்டும் 2024 செப்ரெம்பரில் நிறுத்தியது சரியல்ல. ஏழு நாள் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாளே போத்தலைப் பறித்தெடுப்பது போன்றது அது. நோய் ஓரளவு குறையும். ஆனால் மருந்து கிடைக்காமல் போனவர் பெரும்பாலும் மிகவும் தேவைப்பட்டவராகவே இருப்பார்.

டீசல் புகை உடலுக்கு என்ன செய்கிறது?

டீசல் புகையில் எம்மைப் பாதிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, நைதரசன் ஈரொட்சைட்டு என்னும் வாயு. இது மூச்சுக்குழாயின் உட்புறத்தை எரிச்சலூட்டி வீங்கச் செய்கிறது. ஆஸ்மா என்னும் தொய்வு உள்ளவர்களுக்கு இழுப்பை வரவழைக்கிறது. மற்றது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய இத்துகள்கள் எமது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவேதான் இது நெஞ்சுச் சளியோடு முடிந்துவிடும் விடயமல்ல. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பையும் இத்துகள்கள் கூட்டுகின்றன. நீரிழிவும் இருதய நோயும் ஏற்கெனவே அதிகமாக உள்ள எமது சமூகம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 யூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் அஸ்பெஸ்ரஸும் இருக்கும் அதே பட்டியல்தான் அது. "நான் சிகரெட் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி நுரையீரல் புற்றுநோய்?" என்று கேட்பவர்களை வைத்தியர்கள் சந்திக்கிறோம். லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தினர் 2022இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நுரையீரலில் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் பழுதான கலங்களை நுண்துகள்கள் தூண்டி எழுப்புகின்றன என்பதே அது.

பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்களின் நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கிறது. எம்மைவிட வேகமாக மூச்செடுக்கிறார்கள். வாகனப் புகைக்குழாயின் உயரத்திற்குக் கிட்டவே அவர்களின் முகமும் இருக்கிறது. கிழக்கு லண்டன் பகுதியில் 8, 9 வயதுப் பிள்ளைகள் 2000 பேருக்கு மேற்பட்டோரிடம் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, மாசு கூடிய இடங்களில் வளரும் பிள்ளைகளின் நுரையீரல் கொள்ளளவு ஏறத்தாழ 5 வீதம் குறைவாக இருப்பதைக் காட்டியது. ஐந்து வீதம்தானே என்று எண்ண வேண்டாம். சிறுவயதில் வளராமல் விட்ட நுரையீரலை முதுமையில் எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அறுபது வயதில் ஒரு நிமோனியா வரும்போதுதான் அந்த ஐந்து வீதத்தின் பெறுமதி தெரியும்.

எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற சிறுமியின் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். தென் கிழக்கு லண்டன் லூயிஷத்தில், சவுத் சேர்க்குலர் வீதிக்கு அருகில் வாழ்ந்தவர். கடுமையான தொய்வினால் திரும்பத் திரும்ப வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, 2013 பெப்ரவரியில் 9ஆவது வயதில் இறந்தார். அவரது தாயார் றோசமண்ட் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி, வளி மாசும் அவரது மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் ஒருவரின் மரணத்துக்கு வளி மாசும் காரணம் என்று பதிவானது அதுவே முதல் தடவை.

டீசல் வாங்கச் சொன்னது யார்?

இன்று பழைய டீசல் வாகனம் வைத்திருப்பவரை ஏதோ குற்றவாளி போலப் பேசுகிறார்கள். அவர் ஏன் டீசல் வாங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

2001 மார்ச்சில் கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக இருந்தபோது, கார்களின் வீதி வரி அவை வெளியேற்றும் காபனீரொட்சைட்டின் அளவைக் கொண்டு கணிக்கப்படலாயிற்று. ஒரே தூரத்திற்கு டீசல் குறைவாக எரிவதால் டீசல் கார்களுக்கு வரி குறைந்தது. புவி வெப்பமடைவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் நைதரசன் ஈரொட்சைட்டும் துகள்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2000ஆம் ஆண்டளவில் புதிய கார்களில் ஏழில் ஒன்றே டீசலாக இருந்தது. 2012 அளவில் அது இரண்டில் ஒன்றாகிவிட்டது. 2015 செப்ரெம்பரில், வோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அமெரிக்காவில் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்கள், பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம்.

அரசு வரியைக் குறைத்தது. உற்பத்தியாளர் பொய் சொன்னார். இரண்டையும் நம்பி வாங்கியவர் இன்று அபராதம் கட்டுபவரைப் போல நிற்கிறார். ஆகவே மாற்றுவதற்கான செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, நியாயம்.

கட்டணம் வந்தது, உதவியும் வந்தது

யூலெஸ் என்று நாம் அழைக்கும் மிகக் குறைந்த மாசு வலயம் 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தொடங்கியது. 2021 ஒக்டோபரில் நோர்த், சவுத் சேர்க்குலர் வீதிகள் வரை விரிந்தது. 2023 ஓகஸ்ட் 29இல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. ஹரோ, ஹிலிங்டன், பெக்ஸ்லி, புறொம்லி கவுன்சில்களும் சரே மாவட்ட கவுன்சிலும் வழக்குத் தொடர்ந்து 2023 யூலையில் தோற்றன. பொதுவாக, யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் வாகனமும் யூரோ 4 தரத்தை எட்டாத பெற்றோல் வாகனமும் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்ட வேண்டும். 2015 செப்ரெம்பருக்குப் பின் பதிவான டீசல் கார்கள் பெரும்பாலும் தப்பும். அதற்கு முந்தியவை பெரும்பாலும் தப்பாது.

கிழமைக்கு ஆறு நாள் வான் ஓட்டும் ஒரு கடைக்காரருக்கு இது 75 பவுண். வருடத்திற்கு 3900 பவுண். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதால், இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு அதிகாலை மூன்று மணிக்குத் திரும்புபவர் ஒரே ஓட்டத்திற்கு 25 பவுண் கட்டுகிறார்.

இதனோடு பழைய வாகனங்களை ஒழிக்கும் உதவித் திட்டமும் வந்தது. 2023 ஜனவரி இறுதியில் 110 மில்லியன் பவுண்களுடன் தொடங்கி, பின்னர் 160, இறுதியில் 210 மில்லியனாக உயர்ந்தது. முதலில் குறைந்த வருமானம் அல்லது உடற்குறை காரணமாக அரச உதவி பெறுவோருக்கும் மிகச் சிறிய வியாபாரங்களுக்குமே கொடுத்தார்கள். 2023 ஓகஸ்ட் 21இலிருந்து தரத்தை எட்டாத காரை வைத்திருக்கும் எல்லா லண்டன் வாசிகளும் விண்ணப்பிக்க முடிந்தது. காருக்கு 2000 பவுண். சிறு வியாபாரிகளின் வானுக்கு 7000 பவுண், அதை மின்சார வானாக மாற்றினால் 9500 பவுண். காரே வேண்டாம் என்பவர் 1600 பவுணும் ஒரு வருட பஸ், ட்ராம் பாஸும் பெறலாம், அல்லது 1200 பவுணும் இரண்டு பாஸ்களும் பெறலாம். 2024இல் இவ்வாகனங்களை உக்ரேனுக்கு நன்கொடையாகக் கொடுக்கவும் வழி செய்யப்பட்டது. போரில் அம்புலன்ஸின் பெறுமதியை அறிந்த எமக்கு அது மகிழ்ச்சியான செய்தி.

பலனும் தெரிந்தது. முழு லண்டன் விரிவாக்கத்தின் முதல் ஆண்டு பற்றி 2025 மார்ச்சில் வெளியான லண்டன் மேயர் அலுவலகத்தின் அறிக்கை, யூலெஸ் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவோடு ஒப்பிடும்போது வீதியோர நைதரசன் ஈரொட்சைட்டு 27 வீதம் குறைந்திருப்பதாகக் கூறுகிறது. ஒரு வைத்தியராக இதை வரவேற்காமல் இருக்க முடியாது. அதேவேளை, இந்த வாயுவுக்குப் பிரித்தானியச் சட்டம் வைத்திருக்கும் ஆண்டு எல்லை கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 10. போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

யாருக்குக் கிடைக்காமல் போனது?

என்னிடம் வரும் ஒருவரை அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஸ்லவ் பகுதியில் சிறு பலசரக்குக் கடை. வீடும் அங்கேதான். மரக்கறி எடுக்க அதிகாலை சவுத்ஹோலுக்கு அருகிலுள்ள வெஸ்ரேர்ன் இன்ரர்நஷனல் சந்தைக்கு வருகிறார். சில மைல்தான் தூரம், ஆனால் சந்தை லண்டன் எல்லைக்குள். ஆகவே நாளாந்தம் கட்டணம் உண்டு. கடையும் வீடும் எல்லைக்கு வெளியே. ஆகவே உதவி இல்லை. "டொக்டர், கட்டுறதுக்கு நாங்கள் லண்டன் ஆக்கள், வாங்கிறதுக்கு லண்டன் ஆக்கள் இல்லையாம்" என்றார். அவருடைய மகளுக்குத் தொய்வு. பாடசாலைக்குப் போவதும் அதே வானில்தான்.

இவர் ஒருவர் அல்ல. வீட்டு வாடகை தாங்காமல் ஸ்லவ், வட்பேர்ட், டார்ட்பேர்ட் என்று எல்லைக்கு வெளியே குடியேறி, லண்டனுக்குள் வந்து வேலை செய்பவர்கள் எம்மிடையே ஏராளம். லண்டன் மேயரின் பணம் லண்டன் மக்களுக்கே என்பது ஒரு வாதம். அது விளங்குகிறது. ஆனால் பேர்மிங்ஹாம், பிறிஸ்ரல், பிராட்பேர்ட் முதலிய நகரங்களின் வலயங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. லண்டனின் இந்தத் திட்டத்திற்கோ கொடுக்கவில்லை. மேயரும் அப்போதைய அரசும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டிருந்த இடைவெளிக்குள் இவர் போன்றவர்கள் விழுந்தார்கள். ஸ்கொட்லாந்தில் இதை வேறுவிதமாகச் செய்தார்கள். கிளாஸ்கோ, எடின்பரோ முதலிய நகர வலயங்களுக்கான உதவி நிதியில், வலயத்திலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. வாகனத்தை ஒழித்தால் 2000 பவுண், அதற்கு மேல் துவிச்சக்கர வண்டி, பயணச்சீட்டு போன்றவற்றுக்கு 1000 பவுண் வரை. காற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை அந்த விதி ஏற்றுக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது எமது பக்கத்தில் உள்ளது. விண்ணப்பிப்பவரின் பெயரிலேயே, அதே முகவரியில், 2023 ஜனவரி 30இற்கு முன்பிருந்தே வாகனம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி. எமது குடும்பங்களில் ஓடுபவர் ஒருவர், பதிவுப் புத்தகத்தில் மச்சானின் பெயர், முகவரியோ மூன்று வீட்டுக்கு முந்திய முகவரி. விண்ணப்பம் இணையத்தில், ஆங்கிலத்தில். பிள்ளைகள் நேரம் கிடைக்கும்போது நிரப்பித் தரலாம் என்று சொல்லிச் சொல்லியே 2024 செப்ரெம்பர் 7 வந்துவிட்டது. திட்டம் மூடப்பட்டது.

1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டிய சனங்கள் நாம். கண்ணை எரிக்கும் அந்தப் புகைக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். அது கெடுதி என்று தெரியாமல் அல்ல, வேறு வழி இல்லாமல். வழியில்லாதவரிடம் "ஏன் மாற்றவில்லை?" என்று கேட்பதில் பொருளில்லை என்பதை நாம் அனுபவத்தில் கற்றவர்கள். இன்றும் அதே கேள்வியைக் கேட்பதற்கு முன் வழியைக் காட்ட வேண்டும்.

எதிராகச் சொல்லப்படுபவை

"இது சுகாதாரத்துக்காக அல்ல, பணம் பறிக்கத்தான்" என்பார்கள். தரத்தை எட்டாத வாகனங்கள் குறையக் குறைய இக்கட்டணத்தின் வருமானமும் குறையும். தானாகக் குறைந்துபோகும்படி அமைக்கப்பட்ட கட்டணத்தை வெறும் வருமான வழி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் உதவியை நிறுத்திவிட்டுக் கட்டணத்தை மட்டும் வாங்கினால் இந்தச் சந்தேகத்தை மக்கள் மனதிலிருந்து அகற்றவும் முடியாது.

"மின்சார வாகனத்தின் ரயரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் துகள் வரத்தானே செய்கிறது?" என்பார்கள். உண்மை. புகைக்குழாய் இல்லாவிட்டாலும் ரயர் தேயும், வீதித் தூசி எழும். ஆகவேதான் காருக்குப் பதில் கார் என்பதை விட, பஸ் பாஸ் எடுக்கும் தெரிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நைதரசன் ஈரொட்சைட்டையும் டீசல் கரியையும் நிறுத்துவது சிறிய பயன் அல்ல.

"மக்களின் வரிப்பணத்தில் மற்றவருக்கு ஏன் வாகனம்?" என்பார்கள். 2016இல் அரச வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அறிக்கை, வெளிப்புற வளி மாசினால் பிரித்தானியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 இறப்புகள் ஏற்படுவதாக மதிப்பிட்டது. தொய்வுக்காக ஒரு பிள்ளை அம்புலன்ஸில் போவதற்கும், ஒரு தந்தை மாரடைப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதற்கும் அதே வரிப்பணம்தான் செலவாகிறது. எந்த முனையில் செலவழிப்பது என்பதே கேள்வி.

பணத்தை எதற்காகக் கொடுப்பது?

பணம் கொடுத்தால் மட்டும் போதாது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2009 மே மாதம் பிரித்தானிய அரசு பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களை ஒழிக்க 2000 பவுண் தள்ளுபடித் திட்டம் கொண்டுவந்தது. பாதி அரசின் பணம், பாதி உற்பத்தியாளரின் பணம். ஆனால் அதன் முக்கிய நோக்கம் பொருளாதார நெருக்கடியில் தவித்த கார்த் தொழிலைக் காப்பாற்றுவது. புதிய வாகனம் எவ்வளவு புகை விடலாம் என்று நிபந்தனை வைக்கவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிய டீசல் கார் வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கார்களையே பின்னர் யூலெஸ் பிடித்தது.

2025 யூலையில் அரசு அறிவித்த மின்சாரக் கார் உதவி வேறொரு வகையில் குறிதவறுகிறது. 37,000 பவுண் வரை விலையுள்ள புதிய மின்சாரக் காருக்கு 3750 பவுண் வரை கழிவு. நல்லதுதான். ஆனால் பழைய டீசல் வாகனத்தை ஒழிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. புதிய கார் வாங்க வசதியுள்ளவருக்கே அது உதவும். 2012ஆம் ஆண்டு வானை வைத்துக்கொண்டு, இரண்டாம் கை வாகனம் தேடும் கடைக்காரருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அதிகம் புகை விடும் வாகனம் வீதியிலேயே நிற்கிறது.

ஆகவே எனது கோரிக்கைகள் நான்கு. முதலாவது, கட்டணம் இருக்கும் வரை உதவியும் இருக்க வேண்டும். இரண்டாவது, எல்லைக்கு வெளியே வாழ்ந்து உள்ளே தொழில் செய்யும் குறைந்த வருமானக்காரரையும் சேர்க்க வேண்டும், அதற்கு மத்திய அரசு பணம் தர வேண்டும். மூன்றாவது, இரண்டாம் கை மின்சார வானுக்கும் காருக்கும் உதவி கிடைக்க வேண்டும். நான்காவது, நாள் முழுவதும் நகருக்குள் ஓடும் வான்களுக்கும் மினிபஸ்களுக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகும் காரை விட, தினமும் நூறு வாசல்களில் நின்று போகும் விநியோக வானை மாற்றுவதில் பலன் பன்மடங்கு. அந்த வானின் சாரதிக்கும் அது மருந்து. நெரிசலில் நிற்கும் வாகனத்தினுள்ளும் புகை நிறைகிறது. லண்டனில் தொழில்முறைச் சாரதிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு, அவர்கள் வீட்டில் இருக்கும்போது சுவாசிப்பதை விடப் பல மடங்கு கரித்துகளை வாகனத்தினுள் சுவாசிப்பதைக் காட்டியது.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாமும் சிலவற்றைச் செய்யலாம்.

முதலில், உங்கள் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஓட்டுபவரின் பெயரும் இன்றைய முகவரியும் அதில் உள்ளனவா? அடுத்த உதவித் திட்டம் எப்போது வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். எமது சங்கம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விண்ணப்பம் நிரப்பும் உதவி மேசை ஒன்றை வைத்தால், ஆங்கிலத்தில் தடுமாறும் மூத்தவர்கள் பயனடைவார்கள். படித்த இளையோர் இதற்கு முன்வர வேண்டும்.

இரண்டாவது, டீசல் வாகனங்களில் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கடைக்கும் பாடசாலைக்கும் என்று குறுந்தூரம் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அதைத் துப்புரவாக்க மோட்டார்வே போன்ற வீதியில் இடைக்கிடை சீரான வேகத்தில் ஓட வேண்டும். காசு மிச்சம் என்று சொல்லி அதைக் கழற்றிவிடும் கராஜ்களை நம்பாதீர்கள். வடிகட்டியைக் கழற்றிய வாகனத்தை வீதியில் ஓட்டுவது சட்டவிரோதம். 2014 பெப்ரவரியிலிருந்து எம்.ஓ.ரி. சோதனையிலும் அது தோல்வியடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, வடிகட்டியைத் தாண்டி வரும் கரி முதலில் போவது பின்னால் நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள். குறுந்தூரம் மட்டுமே ஓடுபவர் அடுத்த முறை டீசல் வாங்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் எத்தனை வாகனங்கள் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தேர்த் திருவிழாவிலும் அதே காட்சிதான். தேவையின்றி இயந்திரத்தை ஓடவிட்டு நிற்பது சட்டப்படியும் தவறு. நிறுத்தும்படி சொல்லியும் மறுத்தால் 20 பவுண் தண்டம் விதிக்க கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. தண்டத்துக்காக அல்ல, தமிழ் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்காக நிறுத்துவோம். அருகில் இருப்பவர்கள் நடந்து வரலாமே.

நான்காவது, உங்கள் பிள்ளைக்குத் தொய்வு இருந்தால் நீல நிறப் பம்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கிழமையில் மூன்று தடவையோ அதற்கு மேலோ அது தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பொருள். உங்கள் குடும்ப வைத்தியரையோ ஆஸ்மா தாதியையோ சந்தித்து, தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். வீடு பெருந்தெருவோரம் என்பதையும் சொல்லுங்கள். பாடசாலைக்கு நடக்கும்போது ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே சுவாசிக்கும் புகை குறையும்.

இறுதியாக ஒன்று. உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் லண்டன் அசெம்பிளி உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். வாக்குக் கேட்டு எமது பொங்கல் விழாக்களுக்கு வருபவர்களிடம் மாலை போட முன் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: "கட்டணம் தொடர்கிறது, உதவி ஏன் நின்றது?" கடைக்காரர்கள் தங்கள் கணக்கோடு எழுதட்டும், தாய்மார் தங்கள் பிள்ளைகள் எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை என்பதோடு எழுதட்டும். றோசமண்ட் என்ற ஒரு தாய் விடாமல் கேட்டபடியால்தான் ஒரு மரணத்தின் உண்மைக் காரணம் பதிவாயிற்று. ஒரு சமூகம் சேர்ந்து கேட்டால் பாதியில் நின்ற உதவியை மீண்டும் தொடங்கச் செய்ய முடியும். அடுத்த கூட்டத்தில் சங்க நிர்வாகம் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.